புரதக் குழியின் கொள்ளளவை அளக்க எந்த மென்பொருள்? நெல்லைச் சீமை மாணவர்களின் கேள்விகள்

பாளையங்கோட்டை, அபிஷேகப்பட்டி, தென்காசி, தூத்துக்குடி என்று நம் பக்கத்துக் கல்லூரிகளில் உயிர்த்தகவலியலோ உயிர்வேதியியலோ படிக்கிறவர்களின் கடைசிப் பருவ ப்ராஜெக்ட்டில் டாக்கிங் (ஒரு மூலக்கூறு புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் பார்ப்பது) அடிக்கடி வரும். பொதிகை மலை பக்கத்தில் இருக்கிறது, அரசு சித்த மருத்துவக் கல்லூரி பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. அதனால் வல்லாரை, நிலவேம்பு என்று மூலிகைச் சேர்மங்களை எடுத்துக்கொண்டு ஒரு புரதத்தின் குழியில் பொருத்திப் பார்ப்பது இங்கே இயல்பான தலைப்பு. அப்புறம் கைடு ஒரு கேள்வி கேட்பார்: "அந்தக் குழி எவ்வளவு பெரிசு?" அங்கிருந்து கிளம்பும் கேள்விகளுக்கான பக்கம் இது. இயற்பியலும் கணிதமும் பள்ளியோடு விட்டவர்களும் படிக்கும்படி எழுதியிருக்கிறேன்.

ஒரே புரதம், ஒரே குழி. எனக்கு 30க்குக் கீழே வந்தது, என் தோழிக்கு 150 வந்தது. யார் செய்தது தப்பு?

பெரும்பாலும் இரண்டு பேருமே சரியாகத்தான் செய்திருப்பீர்கள். "கொள்ளளவு" என்று வெவ்வேறு மென்பொருள்கள் சொல்வது வெவ்வேறு பொருளை. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றாலும் இந்தப் பதிலை மட்டும் படித்துவிடுங்கள்.

குழிக்குள் ஒரு சின்ன உருண்டையை உருட்டிவிடுவதாக நினையுங்கள். இதுதான் ப்ரோப். தண்ணீர் மூலக்கூறுக்குப் பதிலாக நிற்பது, வழக்கமான ஆரம் 1.4 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு). அந்த உருண்டையின் மையம் எங்கெல்லாம் போக முடியுமோ அந்த இடத்தை மட்டும் அளந்தால் அது கரைப்பான் அணுகு கொள்ளளவு. ரிச்சர்ட்ஸ் பெயரில் வழங்குவது இதுதான். உருண்டையின் முழு உடம்பும் எங்கெல்லாம் படுகிறதோ அதை அளந்தால் மூலக்கூறுப் பரப்புக் கொள்ளளவு. இதைக் கானலி பெயரில் சொல்வார்கள். முதலாவது இரண்டாவதைவிட எல்லாப் பக்கமும் 1.4 ஆங்ஸ்ட்ராம் உள்வாங்கி நிற்கும்.

சின்னக் குழியில் அந்த 1.4 மிகப் பெரிய வித்தியாசத்தைச் செய்யும். சரியாக ஒரு தண்ணீர் மட்டும் பிடிக்கிற குழியில் மையம் நகர இடமே இல்லை. அணுகு கொள்ளளவு பூஜ்யம். அதே குழியின் மூலக்கூறுப் பரப்புக் கொள்ளளவு 1.4 ஆரமுள்ள உருண்டையின் கொள்ளளவு, அதாவது 11.5 கன ஆங்ஸ்ட்ராம்.

உங்கள் இருவரின் எண்களும் வரக்கூடிய ஒரு புரதத்தையே எடுத்துக்கொள்வோம். டி4 லைசோசைம் என்ற நொதியில் 99ஆம் இடத்து அமினோ அமிலமான லூசினை அலனினாக மாற்றினால் உள்ளே ஒரு மூடிய குழி உண்டாகிறது. ஒரிகான் பல்கலைக்கழகத்தில் பிரையன் மேத்யூஸின் குழு 1992இல் வெளியிட்ட வேலை இது. எல்99ஏ என்று அழைப்பார்கள். குழியின் கொள்ளளவு சுமார் 150 கன ஆங்ஸ்ட்ராம். அதை ஒரு உருண்டை என்று வைத்துக்கொண்டால் ஆரம் 3.3. அதிலிருந்து 1.4 கழித்தால் 1.9. அந்த ஆரத்துக்குக் கொள்ளளவு 29தான்! உண்மையான குழி உருண்டையாக இருக்காது என்பதால் அணுகு கொள்ளளவு இன்னும் குறையும். 29, 150 இரண்டும் ஒரே குழியின் எண்களாக இருக்க முடியும்.

காஸ்ட்பி மாதிரியான தளங்கள் இரண்டு எண்களையுமே தருகின்றன. எந்த எண்ணை எடுத்து எழுதுகிறீர்கள் என்று அட்டவணைப் பத்தியின் தலைப்பைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அப்படியானால் எந்தக் கொள்ளளவு எனக்கு வேண்டும்?

லிகண்ட் (குழியில் பிணையும் சிறு மூலக்கூறு) உட்காருமா, இடம் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டால் மூலக்கூறுப் பரப்புக் கொள்ளளவு. லிகண்டின் வான்டர்வால்ஸ் கொள்ளளவோடு (அதன் அணுக்களே அடைத்துக்கொள்ளும் இடம்) பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தகுந்தது அதுதான். பென்சீனின் வான்டர்வால்ஸ் கொள்ளளவு ஏறக்குறைய 80. எல்99ஏ குழியில் அது நன்றாகப் பிணைகிறது. பாதிக்குக் கொஞ்சம் மேலே நிரம்புகிறது, அவ்வளவுதான். குழி முழுக்க நிரம்பினால்தான் நல்ல பிணைப்பு என்று நினைக்க வேண்டாம்.

தண்ணீர் மூலக்கூறு எங்கே நிற்கலாம், ஒரு அயனியின் மையம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் கேள்வி என்றால் அணுகு கொள்ளளவு போதும்.

ஒரு எச்சரிக்கை. கொள்ளளவை 30ஆல் வகுத்து "இத்தனை தண்ணீர் இருக்கும்" என்று எழுதாதீர்கள். திறந்த நீரில் ஒரு மூலக்கூறுக்கு 30 கன ஆங்ஸ்ட்ராம் என்பது உண்மை. ஆனால் அதே எல்99ஏ குழி சாதாரண அழுத்தத்தில் காலியாகத்தான் கிடக்கிறது. அதிக அழுத்தத்தில் செய்த படிகவியல் ஆய்வு 2005இல் வந்தது. அதில் சுமார் நான்கு தண்ணீர் மூலக்கூறுகள் உள்ளே போயின. குழியின் சுவர் நீரை விரும்புகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் கொள்ளளவை வைத்து மட்டும் நீரைச் சொல்ல முடியாது.

வாய் திறந்திருக்கும் பாக்கெட்டை எப்படி அளப்பது? எங்கே முடிகிறது என்றே தெரியவில்லையே?

நல்ல கேள்வி. மூடிய குழியில் இந்தப் பிரச்சினை கிடையாது. ஆனால் ப்ராஜெக்ட்டில் வருகிற ஆக்டிவ் சைட் (நொதி வேலை செய்யும் இடம்) அநேகமாக வாய் திறந்ததுதான்.

நயினார்குளத்தின் கொள்ளளவு என்றால் மறுகால் மட்டம் வரைக்கும் கணக்கு. மறுகாலைத் தாண்டிய தண்ணீர் குளத்துக் கணக்கில் வராது. புரதப் பாக்கெட்டுக்கு அப்படி யாரும் மறுகால் கட்டிவைக்கவில்லை. மென்பொருள்தான் ஒன்றைக் கட்டுகிறது, ஒவ்வொன்றும் அதன் விருப்பத்துக்குக் கட்டுகிறது. திறந்த பாக்கெட்டில் எண்கள் ஒத்துப்போகாததற்கு முதல் காரணம் இதுதான்.

காஸ்ட்பி வடிவியலை வைத்து வாயை மூடுகிறது. அணுக்களை முக்கோணங்களால் இணைத்துவிட்டு, வெளிப்பக்கம் வழிந்தோடாமல் உள்ளே தேங்குகிற பகுதியை மட்டும் பாக்கெட் என்று எடுக்கிறது. உள்ளே அகலமாகி வாயில் குறுகினால்தான் அதன் கணக்கில் அது பாக்கெட். தட்டு மாதிரி ஆழமில்லாமல் விரிந்த பள்ளத்தை அது பட்டியலில் சேர்க்காது. "ஆக்டிவ் சைட்டையே காணோம்" என்று வருகிறவர்களின் புரதத்தில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

கேவிஃபைண்டர் இரண்டு உருண்டைகளால் அளக்கிறது. சின்ன உருண்டை 1.4, பெரியது 4.0 ஆங்ஸ்ட்ராம், இவை அது தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்புகள். பெரிய உருண்டை வெளியிலிருந்து உருளும். அது நுழைய முடியாத, சின்னது நுழைய முடிந்த இடமே குழி. பெரிய உருண்டையை 4இலிருந்து 8க்கு ஏற்றினால் வாய் மூடும் இடம் வெளியே நகரும், எண் பெருகும். இதைக் குறையாக நினைக்க வேண்டாம், இதுதான் அதன் பலம் என்பேன். மறுகாலை எங்கே கட்டினீர்கள் என்று ஒரே எண்ணால் சொல்லிவிடலாம், மற்றவரும் அதே இடத்தில் கட்டிப் பார்க்கலாம்.

போவ்மி உங்களையே கட்டச் சொல்கிறது. பாக்கெட்டின்மேல் ஒன்றோ பலவோ கோளங்களை நீங்கள் வைக்க வேண்டும். அதற்குள் சம இடைவெளியில் கட்டப் புள்ளிகளை (கிரிட்) பரப்பி, புரத அணுக்கள் மேல் விழுகிற புள்ளிகளை நீக்கிவிட்டு மிச்சத்தை எண்ணும். கோளத்தின் மையத்தை இரண்டு ஆங்ஸ்ட்ராம் நகர்த்தினால் விடையும் நகரும். எனவே மையம், ஆரம் இரண்டையும் அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும்.

சரி, ஒரே ஒரு மென்பொருள் சொல்லுங்கள். எதில் ஆரம்பிக்க?

ஒரு படிக அமைப்பு, ஒரு பாக்கெட், நாளை மறுநாள் மீட்டிங் என்றால் காஸ்ட்பியில் ஆரம்பியுங்கள். சிகாகோவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜீ லியாங்கின் குழு உருவாக்கியது. உலாவி போதும், எதையும் நிறுவ வேண்டாம். கட்டப் புள்ளிகளை எண்ணாமல் சூத்திரத்தால் கணக்கிடுவதால், புரதத்தை எப்படித் திருப்பிவைத்தாலும் அதே விடை வரும்.

வேலை கொஞ்சம் தீவிரமானது, பல அமைப்புகளை ஒப்பிட வேண்டும் என்றால் என் தேர்வு கேவிஃபைண்டர் குடும்பம். பிரேசிலின் கம்பினாஸில் உருவானது. பார்கேவிஃபைண்டர், மூலக்கூறுகளைப் படமாகக் காட்டும் பைமாலுக்குள்ளேயே ஓடும். பைகேவிஃபைண்டர் பைதான் தெரிந்தவர்களுக்கு. பைமால் மாதிரியே படம் காட்டும் கைமெராஎக்ஸின் புதிய பதிப்புகளிலும் குழி தேடும் கருவியாக அதைச் சேர்த்திருக்கிறார்கள். அளவுருக்கள் எல்லாம் கண்முன்னே இருக்கின்றன, எதையும் ஒளித்துவைக்கவில்லை.

எஃப்பாக்கெட்டைப் பலரும் எடுக்கிறார்கள், வேகம் அபாரம். ஆனால் எதற்கு எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்கணும். 2009இல் பிரான்சிலிருந்து வந்த அது முதன்மையாகப் பாக்கெட்டுகளைத் தேடித் தரவரிசை போடும் கருவி. நான்கு அணுக்களைத் தொட்டுக்கொண்டு, உள்ளே எந்த அணுவும் இல்லாத ஆல்ஃபா கோளங்களால் பாக்கெட்டைக் குறிக்கிறது. கொள்ளளவையும் தருகிறது, ஆனால் அந்தக் கோளங்களை வைத்துத் தற்செயல் புள்ளிகளால் மதிப்பிட்டது அது. மேலே சொன்ன இரண்டு வரையறைகளில் எதிலும் அது சேராது. பாக்கெட் எங்கே என்று கண்டுபிடிக்க எஃப்பாக்கெட், எவ்வளவு என்று அளக்க வேறொன்று. இப்படிப் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது. பிராகில் உருவான பி2ரேங்க்கும் தேடுவதற்குத்தான், அளப்பதற்கு இல்லை.

பழைய கட்டுரைகளில் வாய்டூ, சர்ஃப்நெட் என்ற பெயர்கள் வரும். இரண்டும் 1990களைச் சேர்ந்தவை. அந்தக் கட்டுரையின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டும் என்றால் ஒழிய அவற்றைத் தேடிப் போக வேண்டியதில்லை.

மென்பொருள் சொல்வது சரிதான் என்று எப்படி நம்புவது?

விடை தெரிந்த ஒன்றை முதலில் அளந்து பாருங்கள். புரதம்கூட வேண்டாம், பக்மின்ஸ்டர்ஃபுல்லரீன் போதும். 60 கார்பன் அணுக்கள் கால்பந்து வடிவில் நிற்கிற மூலக்கூறு. காகிதத்திலேயே கணக்குப் போடலாம்.

மையத்திலிருந்து ஒவ்வொரு கார்பனின் கருவும் 3.55 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் இருக்கிறது. கார்பனின் வான்டர்வால்ஸ் ஆரம், பாண்டி (Bondi) என்பவர் தந்த அணு ஆரப் பட்டியலில் 1.7. கழித்தால் உள்ளே 1.85 ஆரமுள்ள காலியிடம், கொள்ளளவு 26.5. அணுக்களுக்கு நடுவே சுவர் லேசாகக் குழிந்திருப்பதால் 1.4 ப்ரோப்பில் மூலக்கூறுப் பரப்புக் கொள்ளளவு 27, 28 பக்கம் வரணும். அணுகு கொள்ளளவுக்கு 1.85இல் 1.4 போக 0.45தான் மிஞ்சுகிறது. விடை அரை கன ஆங்ஸ்ட்ராமைத் தொடாது.

இப்போது இந்த 60 அணுக்களின் கோப்பை உங்கள் மென்பொருளுக்குக் கொடுங்கள். சில நிரல்கள் ஹெட்டாட்டம் வரிகளை (வழக்கமான புரத அணுக்கள் அல்லாதவற்றின் வரிகள்) படிக்காமல் விட்டுவிடும், ஆகவே எல்லாவற்றையும் ஆட்டம் வரிகளாக மாற்றிவையுங்கள். 27 பக்கம் வந்தால் அது தருவது மூலக்கூறுப் பரப்புக் கொள்ளளவு. ஒன்றுமே வரவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். அது அணுகு கொள்ளளவைப் பார்க்கிறது, அல்லது சின்னக் குழிகளை வடிகட்டிவிடுகிறது. கேவிஃபைண்டர் தானாக 5 கன ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே உள்ளதை விட்டுவிடும்.

19 பக்கம் வந்தால்? அதையும் கணக்கிட்டு வைத்திருக்கிறேன். அந்த மென்பொருள் கார்பனுக்கு 1.9 ஆரம் எடுத்திருக்கிறது என்று பொருள். ஆரத்தில் 0.2 மாறினதற்குக் கொள்ளளவில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது! அணு ஆரப் பட்டியலை ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று இதைச் செய்து பார்த்தவர்களுக்குப் புரியும்.

கட்டப் புள்ளி முறை என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. கோப்பைத் திருப்பிவைத்து மறுபடியும் அளங்கள். ஒரு ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் எண் தடுமாறும். 0.6க்குப் போனால் தடுமாற்றம் குறையும். இடைவெளியைப் பாதியாக்கினால் புள்ளிகள் எட்டு மடங்காகும், அதனால் தேவைக்கு மேல் நுணுக்க வேண்டாம். திருப்பித் திருப்பி அளந்து எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். அந்த விலகலைவிடச் சிறிய வித்தியாசத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

அப்புறம் எல்99ஏவுக்கு வாருங்கள். பென்சீனோடு உள்ள அமைப்பு, பிடிபி என்ற புரத அமைப்புத் தரவுத்தளத்தில் 181எல். பென்சீனை நீக்கிவிட்டு அளந்தால் 150 பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள்.

பிடிபி கோப்பை அப்படியே கொடுக்கலாமா?

கூடாது. மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் செலவிடும் அக்கறையில் பாதியாவது இதற்குக் கொடுங்கள்.

முதலில் 465, 470 எண்ணிட்ட ரிமார்க் வரிகளைத் திறந்து படியுங்கள். 465 காணாமல் போன அமினோ அமிலங்கள், 470 காணாமல் போன அணுக்கள். பாக்கெட் சுவரில் இருக்கும் ஒரு லைசீனின் பக்கச் சங்கிலி படிகத்தில் தெரியாமல் போய், கோப்பில் பாதி மட்டும் இருந்தால் உங்கள் குழி பொய்யாகப் பெருத்துவிடும். அந்த இடத்தைக் கட்டி நிரப்பிவிட்டுத்தான் அளக்கணும்.

சில அமினோ அமிலங்கள் இரண்டு நிலைகளில் பதிவாகியிருக்கும், ஏ என்றும் பி என்றும். சில நிரல்கள் இரண்டையும் ஒன்றாகப் படித்துக் குழியைச் சுருக்கிவிடும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். தண்ணீரை நீக்குங்கள். ஆனால் பிணைப்பிலேயே நிற்கும் உலோக அயனி, ஹீம் போன்றவை புரதத்தின் பகுதிதான், அவற்றை நீக்கினால் இல்லாத குழி உண்டாகும். லிகண்டை நீக்கலாம், நீக்கியதை எழுதுங்கள்.

ஹைட்ரஜன்? எக்ஸ்கதிர் அமைப்புகளில் பெரும்பாலும் இருக்காது. சேர்ப்பதா வேண்டாமா என்பதைவிட, ஒப்பிடுகிற எல்லா அமைப்புகளிலும் ஒரே மாதிரி செய்வதுதான் முக்கியம். ஒன்றில் சேர்த்து இன்னொன்றில் சேர்க்காமல் ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிட்டது ஹைட்ரஜனை, புரதத்தை அல்ல.

வல்லாரையின் ஏசியாட்டிகோசைடு அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் குழிக்குள் போகுமா? கொள்ளளவை வைத்துச் சொல்லலாமா?

கொள்ளளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இந்தப் புரதம் அதற்கு நல்ல உதாரணம்.

அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்பது நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதி. அதன் அமைப்பை இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஜோயல் சஸ்மன் குழு 1991இல் மின்திருக்கை மீனின் நொதியிலிருந்து கண்டது. ஆக்டிவ் சைட் அடியில் இருக்கிறது. அங்கே போக ஏறக்குறைய 20 ஆங்ஸ்ட்ராம் ஆழமான ஒடுங்கிய பள்ளத்தில் இறங்கணும். நடுவழியில் நறுமண வளையமுள்ள அமினோ அமிலங்கள் இரண்டு பக்கமும் நெருக்கி ஒரு கழுத்தை உண்டாக்குகின்றன. மனித நொதியில் 124ஆம் டைரோசினும் 338ஆம் ஃபினைல்அலனினும் அங்கே நிற்கின்றன. படிகத்தில் காண்கிற கழுத்து மிகவும் குறுகல். புரதம் அசைந்து வழிவிடுவதால்தான் அடிப்பொருளான அசிட்டைல்கோலின் உள்ளே போகிறது.

இதை அளக்கும்போது ப்ரோப்பை 1.4இலிருந்து கொஞ்சம் ஏற்றினாலே கழுத்தில் வெட்டுப்பட்டு, ஒரே பள்ளம் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு குழிகளாகப் பட்டியலில் வரலாம். கீழ்க்குழியின் எண்ணை மட்டும் எடுத்து "ஆக்டிவ் சைட் சிறியது" என்று எழுதிவிடக் கூடாது. பட்டியலோடு தரப்படும் அமினோ அமிலங்களைப் படித்து, எந்தத் துண்டு எது என்று பார்த்த பிறகே எண்ணை எடுக்கணும்.

ஏசியாட்டிகோசைடின் மூலக்கூறு எடை 959. மூன்று சர்க்கரைகள் தொங்குகிற பெரிய மூலக்கூறு. சர்க்கரைகள் இல்லாத ஏசியாட்டிக் அமிலம் 489. மருந்தாகப் பயன்படும் டோனெபெசில் 379தான், அதுவும் ஒல்லியான நீள உருவம். பள்ளம் நெடுக நீட்டிப் படுத்துக்கொள்ளும். மொத்தக் கொள்ளளவு எண் இடங்கொடுத்தாலும், அகன்ற ஐந்து வளையங்களும் சர்க்கரையும் அந்தக் கழுத்தைத் தாண்டுமா என்பது வேறு கேள்வி. வாய்ப்பக்கத்து விளிம்பிலேயே உட்கார்ந்துகொள்ளவும் வாய்ப்புண்டு, அப்படி உட்கார்ந்து தடுக்கிற சேர்மங்களும் இருக்கின்றன. இங்கே கொள்ளளவோடு கழுத்தின் ஆரத்தையும் எழுதினால்தான் அறிக்கை முழுமையாகும்.

டோனெபெசிலோடு உள்ள மனித நொதியின் அமைப்பு 4ஈஒய்7. அதில் இரண்டு சங்கிலிகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்து அளங்கள், இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தும் குழி என்று பட்டியலில் ஏறும்.

கழுத்தின் ஆரத்தை எதில் பார்ப்பது?

கேவர் அல்லது மோல். இரண்டும் செக் குடியரசிலிருந்து வந்தவை, உள்ளிருக்கும் ஆக்டிவ் சைட்டிலிருந்து வெளியே போகும் வழிகளைக் கண்டு குறுகலான இடத்தைச் சொல்லும். அயனிக் கால்வாய் என்றால் ஹோல்.

டாக்கிங்கில் போட்ட பாக்ஸின் அளவையே கொள்ளளவு என்று எழுதலாமா?

எழுதவே கூடாது. பாக்ஸ் என்பது தேடும் எல்லை. 20 ஆங்ஸ்ட்ராம் பக்கமுள்ள பாக்ஸ் 8,000 கன ஆங்ஸ்ட்ராம், அதில் பெரும்பகுதி புரதமும் வெளித் தண்ணீரும்தான். ஆட்டோடாக் வினா என்ற டாக்கிங் மென்பொருள் எச்சரிக்கை கொடுப்பதுகூட 27,000ஐத் தாண்டினால்தான். பாக்கெட்டின் கொள்ளளவு பொதுவாகச் சில நூறுகளில் இருக்கும்.

ஆல்ஃபாஃபோல்டு மாதிரியை அளக்கலாமா?

அது அமினோ அமில வரிசையிலிருந்து கணினி ஊகித்த அமைப்பு. அளக்கலாம், ஆனால் பாக்கெட்டின் சுவரில் உள்ள ஒவ்வொரு அமினோ அமிலத்தின் நம்பிக்கை மதிப்பெண்ணையும் பார்த்துவிட்டு. 90க்கு மேல் இருந்தால் தைரியமாகப் போகலாம். 70க்குக் கீழே இருக்கும் நீண்ட துண்டுகள் புரதத்தைச் சுற்றிக் கயிறு மாதிரி வளைந்து கிடக்கும். அவற்றுக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தை மென்பொருள் பெரிய குழி என்று முதலிடத்தில் காட்டும். அவற்றை வெட்டிவிட்டு அளங்கள். லிகண்டும் உலோகமும் அந்தத் தரவுத்தளத்து மாதிரிகளில் இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். படிக அமைப்பு கிடைக்கிற புரதத்துக்கு ஆல்ஃபாஃபோல்டை எடுத்து அளக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

எம்டி (புரதத்தின் அசைவைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது) ஓட்டியிருக்கிறேன். சராசரி அமைப்பை எடுத்து அளந்தால் போதுமா?

வேண்டாம். சராசரி அமைப்பு என்பது ஆயத்தொலைகளின் சராசரி. அப்படி ஒரு புரதம் எந்தக் கணத்திலும் இருந்ததில்லை. சுழலும் பக்கச் சங்கிலிகள் அதில் சுருங்கிப்போய்விடும், குழி பொய்யாக விரியும்.

ஒவ்வொரு ஃபிரேமாக அளந்து பரவலைக் காட்டுங்கள். எம்டிபாக்கெட், போவ்மி, பைகேவிஃபைண்டர் மூன்றும் இதற்கு ஆகும். முதலில் எல்லா ஃபிரேம்களையும் பாக்கெட்டைச் சுற்றியுள்ள முதுகெலும்பு அணுக்களின்மேல் ஒன்றாகப் பொருத்திக்கொள்ளுங்கள். அளக்கும் பகுதியை ஒரு தடவை வரையறுத்துவிட்டு எல்லா ஃபிரேமுக்கும் அதையே வையுங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் மென்பொருளே பாக்கெட்டைத் தேடட்டும் என்று விட்டால், ஒரு ஃபிரேமில் பக்கத்துக் குழியோடு சேரும், அடுத்ததில் பிரியும், வரைபடம் தாறுமாறாகக் குதிக்கும்.

சராசரி எண்ணும் ஏமாற்றலாம். எல்99ஏவில் லிகண்ட் பெரிதாகப் பெரிதாகக் குழி கொஞ்சம் கொஞ்சமாக விரிவதில்லை. மூடிய நிலை, இடைநிலை, திறந்த நிலை என்று மூன்று தனித்தனி நிலைகளுக்குள் தாவுகிறது; 2015இல் அமெரிக்க ஆய்வாளர் பிரையன் ஷோய்ச்செட்டின் குழு படிகங்களிலேயே இதைக் காட்டியது. அப்படிப்பட்ட குழிக்கு நீங்கள் சொல்லும் சராசரி எந்த நிலைக்கும் சொந்தமில்லாத எண்ணாக நிற்கும். ஹிஸ்டோகிராம் போட்டுப் பாருங்கள். ஒரே மேடா, இரண்டா என்று பார்த்த பிறகு சராசரியைப் பேசலாம்.

பைமாலில் குழிகளை மட்டும் காட்டும் பரப்பு முறை இருக்கிறதே, அதில் அளவு வராதா?

அது காட்டத்தான். படத்துக்கு அருமையாக இருக்கும். எண்ணுக்கு வேறு மென்பொருள் வேண்டும்.

என் மடிக்கணினி பழசு, விண்டோஸ்தான் இருக்கிறது. ஓடுமா?

ஓடும். ஒற்றை அமைப்பின் கொள்ளளவைக் கணக்கிடுவது கனமான வேலை இல்லை. காஸ்ட்பிக்கு உலாவி போதும். எஃப்பாக்கெட் லினக்ஸ் உலகத்தது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் துணை அமைப்பை வைத்துக்கொண்டு கோண்டா மூலம் நிறுவலாம். பைகேவிஃபைண்டரைப் பிப் மூலம் நிறுவலாம். சொந்த மடிக்கணினியே இல்லாதவர்கள் கூகுள் கோலாபில் ஒரு நோட்புக் திறந்து அங்கேயே நிறுவி ஓட்டலாம், கல்லூரி ஆய்வகக் கணினியோ நண்பரின் கணினியோ எதுவானாலும் சரி. இங்கே பெயர் சொன்ன எதற்கும் மாணவர்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. காசில்லாததால் நல்ல அளவீடு செய்ய முடியவில்லை என்ற நிலை இந்தத் துறையில் இல்லை என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இரண்டு மென்பொருளில் அளந்து சராசரி எடுத்து எழுதட்டுமா?

எடுக்காதீர்கள். இரண்டு வெவ்வேறு வரையறைகளின் சராசரி எதையும் குறிக்காது. இரண்டிலும் அளந்ததைத் தனித்தனியாகக் கொடுங்கள். இயல்பு வகையில் சிறியது, மாற்றுருவில் பெரியது என்ற வரிசை இரண்டிலும் ஒரே பக்கம் சாய்ந்தால் உங்கள் முடிவுக்கு அது நல்ல பலம். வரிசையே மாறினால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், வாய் மூடும் இடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அறிக்கையில் என்னென்ன எழுதணும்? வைவாவில் என்ன கேட்பார்கள்?

கேட்கத் தெரிந்த தேர்வாளர் முதலில் கேட்பது "எந்தக் கொள்ளளவு?" என்றுதான். அதற்கான விடை அறிக்கையிலேயே இருக்கட்டும். இப்படி எழுதினால் போதும்: "4ஈஒய்7இன் ஏ சங்கிலி, லிகண்டும் தண்ணீரும் நீக்கப்பட்டன, ஹைட்ரஜன் சேர்க்கப்படவில்லை, மாற்று நிலைகளில் ஏ மட்டும் வைக்கப்பட்டது. பார்கேவிஃபைண்டர், உள் ப்ரோப் 1.4, வெளி ப்ரோப் 4.0, கட்ட இடைவெளி 0.6 ஆங்ஸ்ட்ராம், மூலக்கூறுப் பரப்புக் கொள்ளளவு." இதோடு பதிப்பு எண்ணும், குழியைச் சுற்றியுள்ள அமினோ அமிலங்களின் பட்டியலும். இதை வைத்து வேறொரு ஊரில் வேறொருவர் அதே எண்ணை எடுக்க முடியணும்.

தசமப் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் மென்பொருள் தரும், அதை அப்படியே ஒட்டாதீர்கள். திருப்பி அளந்தபோது பத்து கன ஆங்ஸ்ட்ராம் விலகியிருந்தால் 412.637 என்று எழுதுவதில் பொருளில்லை, 410 என்று எழுதுங்கள். எம்டி ஓட்டும் க்ரோமாக்ஸ் மென்பொருள் வழியாக வந்த எண் என்றால் அலகையும் சரிபாருங்கள். அங்கே நீளம் நானோமீட்டரில். ஒரு கன நானோமீட்டர் என்பது ஆயிரம் கன ஆங்ஸ்ட்ராம்.